கப்பல் தோசையும் மஞ்சள் திரையும்

போன வாரம் லிட்டில் அந்தமானில், ஹட் பே ஜெட்டியில் நின்றுகொண்டிருந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது. தோன்றியது என்று அடக்கமாக எழுதுகிறேன். உண்மையில் கையிலிருந்த குடையைக் கீழே போட்டுவிட்டேன். அது காற்றில் உருண்டு போக, நான் அதன் பின்னால் ஓட, என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துச் சிரிக்க, ஒரு நல்ல யோசனை பிறக்கும்போது இருக்க வேண்டிய கம்பீரம் எதுவும் அங்கே இல்லை.

நடந்தது இவ்வளவுதான். போர்ட் பிளேரிலிருந்து வந்த கப்பலில் ஒரு குடும்பம் இறங்கியது. எண்ணெய்ப் பனைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர்கள். அந்தப் பெண்ணுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இடுப்பில் ஒன்று, சேலையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. ஜெட்டிக்கு எதிரே மலையாளிச் சேட்டனின் டீக்கடை. கணவன் உள்ளே போய் டீ வாங்கி வந்து அவள் கையில் கொடுத்தான். அவள் தூறலில் நின்று, கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுபோல் மடக்கு மடக்காகக் குடித்தாள்.

கடைக்குள் பெஞ்சு காலியாக இருந்தது. அதுதான் விஷயம்.

‘அடடா, இந்த ஆட்டத்தை நாம் ஏற்கெனவே ஒருமுறை ஆடி ஜெயித்திருக்கிறோமே!’ என்று மனதுக்குள் ஒரு சத்தம். குடை விழுந்தது அப்போதுதான்.

சேட்டனின் அடுப்புப் புகைக்கு இதில் பாதிப் பங்கு உண்டு. படாக் மரம் எரிகிற வாசனை உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நான் விவரிக்க முயன்று தோற்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் வெல்லம், கொஞ்சம் ஈரச் சாக்கு. போர்ட் பிளேரில் சாத்தம் மரமில்லுக்குப் பக்கத்துத் தொழிலாளர் லைனில் வளர்ந்த எங்களுக்கு அது பால்வாசனை மாதிரி. எங்கள் துணிமணி, புத்தகம், தலைமுடி எல்லாவற்றிலும் சிவப்பு மரத்தூள் இருக்கும். மழை பெய்தால் வாய்க்காலில் செந்தண்ணீர் ஓடும். மில்லில் அறுத்துக் கழித்த கட்டைகளை எரித்துத்தான், மில் இருந்த சாத்தம் தீவை ஊரோடு சேர்க்கிற பாலத்துக்கு இந்தப் பக்கம், அண்ணாச்சி ஹோட்டலில் தோசை சுட்டார்கள். மெயின்லேண்டில் அந்த மரத்தில் கட்டிலும் அலமாரியும் செய்து கல்யாணச் சீராகக் கொடுப்பார்களாம். நாங்கள் அதன் கழிவில் தோசை சுட்டுத் தின்றோம். எங்கள் செல்வச் செழிப்பு அப்படிப்பட்டது.

ஹோட்டலுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கூரை, மரச் சுவர், நாலு நீள பெஞ்சு, கடலைப் பார்த்த வாசல். அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் பிறப்பதற்கு முன்பே கடை போட்டவர். காலையில் தோசை, மதியம் மீன்குழம்புச் சோறு. தமிழர், வங்காளி, தெலுங்கர், மலையாளி, இங்கேயே பிறந்த லோக்கல் ஆட்கள் எல்லோருக்கும் அவர் ஒரே மொழியில்தான் பதில் சொல்வார். அதை அவர் இந்தி என்று நம்பினார்.

அங்கே தோசையில் இரண்டு வகை உண்டு. கப்பல் தோசை, தீவு தோசை. மெயின்லேண்டிலிருந்து கப்பல் வந்த வாரத்தில் உளுந்து இருக்கும். தோசை பொன்னிறமாக, ஓரம் மொறுமொறுவென்று எழும்பும். அது கப்பல் தோசை. கப்பல் வராமல் இழுத்தால் உளுந்து தீர்ந்துபோகும். பச்சரிசியும் தேங்காயும் அரைத்து ஊற்றுவார். அது வெள்ளையாக, கண்ணீர் வடித்த முகம்போல் இருக்கும். சாம்பாரும் அப்படித்தான். கப்பல் சாம்பாரில் பருப்பும் உருளைக்கிழங்கும். தீவு சாம்பாரில் பப்பாளிக்காய். “இன்னைக்குக் கப்பலா, தீவா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்கள் உட்காருவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், வாசலில் நின்று தெரியும். பதினாறு வயதுவரை நான் அந்த ஹோட்டலுக்குள் உட்கார்ந்தது கிடையாது. தூக்குவாளியில் சாம்பார் வாங்க வாசல்வரை போவேன். உள்ளே ஆண்கள் மட்டும். சட்டம் எதுவும் இல்லை. யாரும் தடுத்ததும் இல்லை. எந்தப் பெண்ணும் போனதில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அதில் பெரிய வருத்தம் இருந்ததாகச் சொன்னால் பொய். என் வருத்தம் அம்மாவைப் பற்றியது.

அப்பா மத்திய அந்தமானில் காட்டுக் கேம்ப்பில் மரம் வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி. எப்போதாவது வருவார். வீட்டில் அம்மா, நான், தம்பிகள். அதாவது, கணக்குக்குத்தான் நாங்கள் மட்டும். கப்பல் வந்தால் ராமநாதபுரத்துப் பக்கத்து ஆள் யாராவது ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வாசலில் நிற்பான். “அக்கா, மாமா வரச் சொன்னாக” என்பான். வேலையும் குவார்ட்டர்ஸும் கிடைக்கும்வரை அவனுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். ஒருவன் போனால் அடுத்த கப்பலில் இன்னொருவன். தீவில் இன்றைக்குப் பெரிய ஆளாக இருக்கிற எத்தனையோ பேர் அம்மா கையால் முதல் சோறு தின்றவர்கள். அம்மா மட்டும் கரை இறங்கிய நாளிலிருந்து தான் சமைக்காத ஒரு வாய் சோறு தின்றதில்லை. காய்ச்சல் வந்தாலும் அவளே எழுந்து கஞ்சி வைப்பாள். நான் வைத்தால் குடிக்க முடியாது, அது வேறு விஷயம்.

பள்ளி இறுதிப் பரீட்சை முடிந்து சும்மா இருந்த அந்தக் கோடையில் நான் முடிவு செய்தேன். அம்மா அண்ணாச்சி ஹோட்டலில் உட்கார்ந்து, யாராவது பரிமாற, ஒரு கப்பல் தோசை தின்ன வேண்டும். அதைப் பார்க்காமல் நான் மேலே படிக்க மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறுவதில்லை.

முதலில் அம்மாவிடம் கேட்டேன்.

“ஏண்டி, நம்ம வீட்டு அடுப்பு அவிஞ்சா போச்சு?”

“இல்லம்மா. சும்மா ஒரு நாளைக்கு.”

“உங்கப்பா வரட்டும், பாப்போம்.”

எங்கள் வீட்டில் ‘உங்கப்பா வரட்டும்’ என்பது முடியாது என்பதன் மரியாதையான வடிவம். அடுத்து அண்ணாச்சியிடம் போனேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, பொம்பளைங்க வந்தா உள்ள உக்கார விடுவீங்களா?”

“ஏ பிள்ளை, ஒனக்கு வேற சோலி இல்லியா? இங்கன லோடு ஏத்துதவன் ஒரு பக்கம், பீடி குடிக்கவன் ஒரு பக்கம். ஃபேமிலியோட வந்தாச் சொல்லு, ஒரு ஓரமா எடம் ஒதுக்கித் தாரேன்.”

“எங்கம்மா ஃபேமிலி இல்லையா?”

“ஒங்கம்மா ஒங்கப்பாவுக்கு ஃபேமிலி. அப்ப அவரு கூட வரணும்லா?”

தீவில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள். ‘ஃபேமிலி வந்தாச்சா?’ என்றால் பெண்டாட்டி கப்பலில் வந்தாளா என்று அர்த்தம். குடும்பம் முழுக்க ஊரில் இருந்தாலும் அவள் இங்கே இருந்தால் ஃபேமிலி இங்கே. அவள் வராவிட்டால் ஆள் சிங்கிள். ஆகவே ஃபேமிலி தனியாக ஹோட்டலுக்கு வருவது என்பது, பெட்டி ஆளில்லாமல் கப்பலிலிருந்து இறங்கி நடந்து வருவதுபோல.

“அப்ப நான் யாரு அண்ணாச்சி?”

“நீ இன்னும் யாருக்கும் ஃபேமிலி ஆவலியே!”

பெஞ்சுகள் சிரித்தன. நானும் சிரித்துவிட்டேன், என்ன செய்ய, நன்றாகத்தான் சொன்னார். ஆனால் ‘ஓரமா எடம் ஒதுக்கித் தாரேன்’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். தினமும் சாம்பார் வாங்கப் போனபோதெல்லாம், “ஓரம் ரெடியா அண்ணாச்சி?” என்று கேட்டேன். பெண்கள் வர ஆரம்பித்தால் மற்ற ஹோட்டல்காரர்களெல்லாம் அண்ணாச்சியைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள் என்றேன். அபெர்தீன் பஜாரில் ஒரு கடைக்காரர் ஏற்கெனவே யோசிக்கிறார் என்று ஒரு புளுகும் விட்டேன். கடைசியில் அவர், “ஒரு திரையைக் கட்டித் தொலைக்கேன், வாயை மூடு” என்றார்.

அந்த மாதம் கப்பல் இழுத்துவிட்டது. துணிக்கடையில் எல்லாம் தீர்ந்து, ஒரே ஒரு சுருள்தான் மிச்சம். பளீரென்ற மஞ்சள். அண்ணாச்சிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “மஞ்சள்னா மங்களம். பொம்பளையாளுவ உக்காருத எடத்துக்கு இதவிடப் பொருத்தமா என்ன கெடைக்கும்?” எனக்கும் அப்படித்தான் பட்டது. நானே உட்கார்ந்து விளிம்பு தைத்தேன். வாசலுக்கு வலப்பக்கம், கடலைப் பார்த்த மூலையில், ஒரு பெஞ்சை மறைத்துத் திரை தொங்கியது. காற்றடித்தால் வெளியே பறந்து, துறைமுகம் முழுக்கத் தெரியும். அப்படித் தெரிவதில் எங்களுக்குப் பெருமை வேறு.

மறுநாள் காலை முதல் ஆளாகப் படகில் வேலை பார்க்கும் லஸ்கர் ஒருவன் வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

“க்யா அண்ணாச்சி, அந்தர் கோன் பீமார் ஹை?”

உள்ளே யாருக்கு உடம்பு சரியில்லை என்கிறான். அண்ணாச்சிக்குக் கோபம் வந்தது. தன் இந்தியையெல்லாம் திரட்டினார்.

“பீமார் நஹி! மங்கள் ஹை, மங்கள்!”

லஸ்கர் யோசித்தான். “நஹி அண்ணாச்சி, ஆஜ் தோ ஷனிவார் ஹை.”

இந்தியில் மங்கள் என்றால் செவ்வாய்க்கிழமை. இல்லையே, இன்று சனிக்கிழமை ஆயிற்றே என்று அவன் பொறுமையாகத் திருத்திவிட்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டான்.

எங்களுக்கு ஒரு விஷயம் உறைக்கவில்லை. கப்பல்கள் வந்து வெளியே நிற்கும்போது மஞ்சள் கொடி ஏறும். டாக்டர் படகில் போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை யாரும் இறங்க முடியாது. அம்மா வந்த கப்பலில் யாருக்கோ அம்மை என்று அப்படி நிறுத்தி வைத்தார்களாம், கரையைப் பார்த்துக்கொண்டே பசியில் கிடந்தார்களாம். ஆகவே துறைமுகத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், மஞ்சள் துணி பறந்தால் உள்ளே நோய். அதிலும் நம் ஆட்களுக்கு மஞ்சள் துணியும் அம்மையும் என்றால் சொல்லவே வேண்டாம். ஊரில் மஞ்சள் மங்களம். கப்பல் கரையில் மஞ்சள் வேறு. நாங்கள் ஊரை நினைத்துத் திரை கட்டினோம். கரை அதைத் தன் பாஷையில் படித்துவிட்டது.

மதியத்துக்குள் அண்ணாச்சி வீட்டில் அம்மை என்று லைன் முழுக்கச் செய்தி. பெஞ்சுகள் காலி. யாரோ புண்ணியவான் எங்கிருந்தோ வேப்பிலை தேடிப் பிடித்து வாசலில் செருகிவிட்டுப் போயிருந்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, என் அம்மா என்னிடம் இரண்டு இளநீரைக் கொடுத்து, “பாவம், உடம்பு குளிரட்டும். வாசல்லயே வச்சுட்டு வந்துரு, உள்ள போகாத” என்றாள்.

“அம்மா, அங்க யாருக்கும் ஒண்ணும் இல்ல. அது திரை!”

“ஆமா, இருக்குற வீட்ல இருக்குன்னா சொல்லுவாங்க?”

இளநீரைக் கொண்டுபோய் வைத்தேன். அண்ணாச்சி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏ பிள்ளை, நாளைக்கு விடியட்டும். நானே கிழிச்சு அடுப்புல போடுதேன்.”

தெருக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நான் அழாத குறையாக நின்றிருந்தேன். பக்கத்து லைன் பௌதி வந்தாள். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. அவள் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் அண்ணி. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவள் கணவர் துறைமுகத்தில் கொடி ஏற்றுகிற வேலை பார்த்தார். அவர்கள் வீட்டில் சோற்றுக்குப் பதில் கொடியைத்தான் பேசித் தின்பார்கள் என்று அம்மா சொல்வாள். நான் நடந்ததைச் சொன்னேன். பௌதி குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் குழாயடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“அரே பாகல், ஓ ஜண்டா பீமார் நஹி போல்தா!” அடி பைத்தியமே, அந்தக் கொடி நோய் என்று சொல்வதில்லை.

பிறகு கையை ஆட்டி ஆட்டி, இந்தியும் வங்காளமுமாக விளக்கினாள். மஞ்சள் கொடிக்கு நோய் என்று அர்த்தமே இல்லையாம். அது கப்பல் கரையிடம் பேசுகிற பேச்சாம். ‘எங்கள் கப்பலில் எல்லோரும் சுகம், உள்ளே வர அனுமதி கொடுங்கள்.’ அவ்வளவுதான். சுகம் என்று சொன்னவனைச் சரிபார்க்கத்தான் டாக்டர் போகிறார். ஜனங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டுக் கொடியைத் திட்டுகிறார்கள்.

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

“அண்ணாச்சி! கிழிக்காதீங்க! அது சுகமில்லாத கொடி இல்ல. நாங்க சுகமா இருக்கோம், உள்ள வரலாமான்னு கேக்குற கொடி!”

“கேக்குதது யாரு?”

“நாங்கதான்!”

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தார். அது காற்றில் ஒருமுறை உப்பி அடங்கியது. “அடங்கொப்புரானே” என்றார். கிழிக்கவில்லை.

அர்த்தம் எங்களுக்குத் தெரிந்து என்ன பயன், தெருவுக்குத் தெரிய வேண்டுமே? அதற்கும் வழி பௌதியிடமிருந்தே வந்தது. திங்கட்கிழமை மதியம் மில் சங்கு ஊதி ஆட்கள் பாலத்தைக் கடந்து கும்பலாக வருகிற நேரம் பார்த்து, அவள் நல்ல சேலை கட்டி, இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க ஹோட்டல் வாசலுக்கு வந்தாள். அண்ணாச்சி எழுந்து அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

“சாப் நஹி ஆயா?” என்றார். ஐயா வரவில்லையா?

பௌதி சொன்னாள்: “சாப் கோ பூக் நஹி. முஜே ஹை.”

ஐயாவுக்குப் பசி இல்லை. எனக்கு இருக்கிறது.

சொல்லிவிட்டுத் திரையை விலக்கி உள்ளே போய் உட்கார்ந்தாள். கொடி ஏற்றுகிறவரின் பெண்டாட்டியே போய் உட்கார்ந்த பிறகு நோய் ஏது? தெருவில் நின்ற லஸ்கர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். திரைக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சியின் மீன்குழம்புக்கு ஒரு தீர்ப்பும் வந்தது. புளி அதிகம், கடுகெண்ணெய் எங்கே? மீனைப் பற்றி வங்காளியோடு வாதாட அண்ணாச்சிக்குத் துணிவில்லை.

அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு என்னைவிட நன்றாக இந்தி தெரியும், ஆனாலும் திரும்பக் கேட்டாள்.

“என்ன சொன்னாளாம்?”

“சாப் கோ பூக் நஹி. முஜே ஹை.”

கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். அடுப்பை மெழுகும்போது சிரித்தாள். அடுத்த நாள் அரிசி களையும்போது அவளாகவே மெதுவாக, “முஜே ஹை” என்று சொல்லிப் பார்ப்பது கேட்டது. நான் கேட்காததுபோல் இருந்தேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்த மிகச் சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

பிறகு கப்பல் வந்தது. வழக்கம்போல் இரண்டு பேர் டிரங்குப் பெட்டியோடு வாசலில். “அக்கா, மாமா வரச் சொன்னாக.” அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர்களைப் பார்த்தாள். உள்ளே அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுக்களைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“பெட்டிய உள்ளார வச்சுட்டு வாங்க தம்பி. அண்ணாச்சி ஹோட்டலுக்குப் போவோம்.”

அந்த ஊர்வலத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முன்னால் அம்மா, பின்னால் தம்பிகள், அதற்குப் பின்னால் கடல்நோய் தீராமல் தள்ளாடிக்கொண்டு இரண்டு இளைஞர்கள், கடைசியில் நான், மாலை போடாத குறை. ஹோட்டல் வாசலில் அம்மா அந்த இரண்டு பேரிடமும், “நீங்க அங்கிட்டு உக்காருங்க, நான் இங்கிட்டு” என்று சொல்லிவிட்டுத் திரையை விலக்கினாள். அண்ணாச்சி ‘அவரு’ என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

உள்ளே உட்கார்ந்ததும் அம்மாவுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அண்ணாச்சி தாமே இலை போட்டு, தோசையோடு வந்தார். அம்மா சட்டென்று எழுந்து சட்னி வாளியை வாங்கக் கையை நீட்டிவிட்டாள்.

“நீங்க ஒக்காருங்கம்மா. இன்னைக்கு நீங்க சாப்பிடுத ஆளு.”

உட்கார்ந்தாள். கப்பல் தோசை, பொன்னிறம், மொறுமொறு ஓரம். ஒரு துண்டு பிய்த்தாள். மென்றாள். நான் அவள் முகத்தையே பார்த்தேன். இன்னொரு துண்டு. பிறகு நிமிர்ந்து, திரைக்கு அந்தப் பக்கம் முழு ஹோட்டலுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

“சட்னில உப்பு பத்தல.”

கடை போட்ட நாளிலிருந்து அண்ணாச்சி சட்னியை யாரும் குறை சொன்னதில்லை. கரண்டி சட்டியில் உரசும் ஓசை கேட்டது.

“இன்னா, வந்துட்டும்மா!”

உப்புச் சேர்த்த சட்னி வந்தது. அம்மா தொட்டுப் பார்த்தாள், தலையாட்டினாள். பிறகு என்னிடம் சொன்னாள், “இன்னொண்ணு போடச் சொல்லு. முறுகலா.”

நான் பரீட்சை பாஸான செய்தி வந்த அன்றுகூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லோரும் வந்தார்கள். தெலுங்கு மாமி, பாலத்துக்கு அந்தப் பக்கத்து மலையாளி நர்சுகள், ஞாயிறன்று பிள்ளைகுட்டிகளோடு லோக்கல் குடும்பங்கள். அந்தப் பெஞ்சு பற்றாமல் இன்னொரு பெஞ்சு, அதற்கப்புறம் இன்னொன்று. திரை வெயிலில் மஞ்சள் வெளுத்து, பிள்ளைகள் கைதுடைத்துச் சாம்பார் நிறமாகி, ஒரு பக்கமாக ஒதுங்கியே கிடந்தது. நான் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோது திரையே இல்லை. எங்கே என்று கேட்டேன். யாருக்கும் நினைவில்லை. “திரையா?” என்று அண்ணாச்சியே கேட்டார்.

இப்போது அண்ணாச்சியும் அங்கே இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது கடை போயிற்று; அவர் மகனோடு மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். அந்த இடத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பௌதி குடும்பம் வடக்கே நிலம் கிடைத்து திக்லிபூர் பக்கம் போய்விட்டது. கப்பல் தோசை என்று இந்தப் பிள்ளைகளிடம் சொன்னால், கப்பல் மாதிரி செய்வதா டீச்சர் என்று கேட்கிறார்கள். அம்மா மட்டும் போர்ட் பிளேரில் தனியாக அபெர்தீன் பஜார் போய், எந்த ஹோட்டலிலும் உட்கார்ந்து, சட்னியைக் குறை சொல்லிவிட்டு வருகிறாள்.

பெண்கள் உள்ளே உட்காருவதைப் பற்றிச் சேட்டனிடம் பேசிவிட்டேன். “இவிடெ ஆரு வரும் டீச்சரே?” என்றார். நான் வருவேன் என்றேன். அதை அவர் பெரிய கூட்டமாக எடுத்துக்கொள்ளவில்லை. பரவாயில்லை. இந்தத் தடவை நான் திரை கேட்கப்போவதில்லை. மஞ்சள் துணி மட்டும் வேண்டும், கடைக் கூரைமேல் மூங்கிலில் கட்ட. கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி. எல்லோரும் சுகம் என்கிற முதல் பாதியை அது சொன்னால் போதும், அனுமதி கேட்கிற பாதியை விட்டுவிடலாம்.

துணியை அம்மாதான் கொண்டுவருகிறாள், அடுத்த கப்பலில். அவளுக்கும் கடல் ஒத்துக்கொள்ளாது. ஜெட்டியிலிருந்து நேராக அந்தப் பெஞ்சுக்குக் கூட்டிப்போவேன். போன வாரம் தூறலில் நின்றாளே, அவளிடமும் சொல்லியாயிற்று. பிள்ளைகளோடு வருகிறேன் என்றாள். மூன்று டீ சொல்வோம். முதல் மடக்குக் குடித்துவிட்டு அம்மா சர்க்கரை பத்தவில்லை என்று சொல்லட்டும், அதுவரை சேட்டனை நான் எச்சரிப்பதாக இல்லை.